பின்னணியின் கணக்கு

இலையின் நிறம் என்ன என்று கேட்டால் யோசிக்காமல் பச்சை என்று சொல்வோம். நம் கண்ணைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் நல்ல வெயிலில் நிற்கிற ஒரு சராசரி இலை, தன்மேல் விழும் பச்சை ஒளியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் திருப்பி அனுப்புகிறது. சிவப்புக்குச் சற்று அப்பால், நமக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி இருக்கிறதே, அதில் ஏறத்தாழ பாதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்த ஒளியையும் பார்க்கிற கண் நமக்கு வாய்த்திருந்தால் இலைக்குப் 'பச்சை' என்று பெயரே வந்திருக்காது.

காரணம் எளிமையானது. இலையில் இருக்கும் பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் விழுங்கி உணவு சமைக்கிறது. சுமார் 680 நானோமீட்டர் வரைதான் அதன் பசி. அதைத் தாண்டிய ஒளி அதற்கு வேண்டாம். வேண்டாத ஒளி இலையின் செல்களுக்கு இடையே உள்ள காற்றுக் குழிகளில் முட்டி மோதிச் சிதறி வெளியே வந்துவிடுகிறது. அதனால் 680லிருந்து 750 நானோமீட்டருக்குள் இலையின் பிரதிபலிப்பு சுவர் மாதிரி செங்குத்தாக ஏறுகிறது. அறிவியலாளர்கள் இதைச் 'சிவப்பு விளிம்பு' என்கிறார்கள். உயிரோடு இருக்கிற எல்லாச் செடிக்கும் இந்தச் சுவர் உண்டு. பச்சைப் பெயிண்ட் டப்பாவுக்குப் பெரும்பாலும் கிடையாது.

காட்டில் ஒளிவதும், காட்டில் ஒளிந்ததைக் கண்டுபிடிப்பதும் கடந்த நூறு வருடங்களில் எப்படி மாறின என்ற கதை இந்தச் சுவரிலிருந்துதான் தொடங்குகிறது. அது போய் முடிகிற இடம்தான் எதிர்பாராதது.

1

சிவப்புக்கு அப்பால் ஏதோ இருக்கிறது என்று முதலில் கண்டவர் வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸைக் கண்டுபிடித்த அதே ஆள். 1800ல் சூரிய ஒளியை ஒரு பட்டகத்தின் வழியே பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு முடிந்து, வெளிச்சமே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானியும் ஏறியது. கண்ணுக்குத் தெரியாத ஒளியை மனிதன் முதலில் 'பார்த்தது' ஒரு பாதரசக் கம்பியின் உயரத்தில்.

அதைப் படமாக எடுத்துப் புகழ்பெற்றவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட். 1910ல் அவர் வெளியிட்ட அகச்சிவப்புப் படங்களில் வானம் கறுப்பாக இருந்தது, மரங்கள் பனி மூடியதுபோல வெளுத்திருந்தன. வெயில் காலத்து மரங்கள்தான் அவை. இன்றைக்கும் அந்த வெண்மையை 'வுட் விளைவு' என்றே புகைப்படக்காரர்கள் சொல்கிறார்கள்.

அடுத்த நான்காம் ஆண்டில் முதல் உலகப்போர் வந்தது. விமானத்திலிருந்து படம் எடுப்பது அந்தப் போரில்தான் அன்றாட வேலையானது. மேலிருந்து பார்க்கிறவனிடமிருந்து பீரங்கியை எப்படி மறைப்பது? 1915ல் பிரெஞ்சு ராணுவம் உருமறைப்புக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. அதன் தலைமையில் இருந்தவர் ல்யூசியன் கிராண்ட் த ஸ்கேவோலா என்ற ஓவியர். பிரிவில் வேலை செய்தவர்களில் பலர் ஓவியர்கள், மேடை அமைப்பாளர்கள். ஒரு பொருளை அதன் பின்னணியில் கரைப்பது எப்படி என்பது அவர்களுக்குத் தொழில். மனிதக் கண்ணை ஏமாற்ற மனிதக் கண்ணை நன்றாகத் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

இரண்டாம் உலகப்போரில் அது போதவில்லை. கோடாக் நிறுவனம் உருமறைப்பைக் கண்டுபிடிக்கவென்றே ஒரு வண்ண ஃபிலிமை உருவாக்கியது. அதில் நிறங்கள் எல்லாம் ஒரு படி தள்ளி உட்காரும். பச்சை ஒளி நீலமாகப் பதியும், சிவப்பு பச்சையாகப் பதியும், அகச்சிவப்பு சிவப்பாகப் பதியும். ஆக, உயிருள்ள காடு முழுவதும் செக்கச்செவேல் என்று தெரியும். அதன் நடுவில் பச்சைப் பெயிண்ட் அடித்த லாரி மட்டும் நீலமாக நிற்கும். வெட்டி எடுத்துப் போர்த்திய கிளைகள்கூட வாட வாட அந்தச் சிவப்பை இழக்கும். ஓவியர்கள் கண்ணுக்காகத் தீட்டிய பச்சையை ஒரு ரசாயனப் படலம் கலைத்துப்போட்டது.

மறைகிறவர்கள் சும்மா இருப்பார்களா? குரோமியம் ஆக்சைடு போன்ற நிறமிகள் கலந்த பெயிண்டுகள் வந்தன. அவை பச்சையாகவும் இருக்கும், அகச்சிவப்பையும் இலை மாதிரி ஓரளவு திருப்பி அனுப்பும். பொய்ச்சுவர்தான், ஆனால் ஃபிலிமுக்கு வித்தியாசம் தெரியாது. மூன்று நிறங்களை மட்டும் பதிகிற எந்தக் கருவியையும் மூன்று இடங்களில் பொருத்தினால் ஏமாற்றிவிடலாம்.

வியட்நாமில் இந்த ஆட்டத்துக்கு வேறொரு விடை தேடினார்கள். 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் அந்தக் காடுகள்மேலும் வயல்கள்மேலும் ஏழு கோடி லிட்டருக்கும் அதிகமான களைக்கொல்லிகளைத் தெளித்தன. ஏஜென்ட் ஆரஞ்சு அவற்றில் பெரும்பங்கு. காரணமாகச் சொல்லப்பட்டவற்றில் முக்கியமானது, ஆட்கள் மறைந்துகொள்ள இலை இருக்கக்கூடாது என்பது. பின்னணியிலிருந்து பொருளைப் பிரிக்க முடியவில்லையா, பின்னணியையே அழித்துவிடு. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும் மிக மட்டமானது இதுதான். அதன் விளைவை இன்னும் சுமப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

கோடாக்கின் அந்த ஃபிலிம் வம்சத்தில் கடைசியாக வந்தவற்றில் ஒன்று ஏரோக்ரோம். ஐரிஷ் புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் மோஸ் அதை எடுத்துக்கொண்டு கிழக்குக் காங்கோவுக்குப் போனார். ரோஜா நிறக் காட்டின் முன் துப்பாக்கியோடு நிற்கும் வீரர்களின் அந்தப் படங்களை உங்களில் பலர் இணையத்தில் பார்த்திருப்பீர்கள். 2013 வெனிஸ் பினாலேயில் அவர் வைத்த படைப்பும் அந்தத் தொடர்ச்சிதான். ஒளிந்திருப்பவனைக் காட்டிக்கொடுக்கச் செய்த ஃபிலிம், உலகம் பார்க்க மறுத்த ஒரு போரைப் பார்க்கவைக்கப் பயன்பட்டது.

2

மூன்று நிறங்களை ஏமாற்றலாம். இருநூறு நிறங்களை?

1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் நாசாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தில் அலெக்சாண்டர் கோட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் கேட்டது ராணுவக் கேள்வி கிடையாது. அவர்களுக்குப் பாறைகள் வேண்டும். ஒவ்வொரு கனிமமும் அகச்சிவப்பின் குறிப்பிட்ட சில அலைநீளங்களை உறிஞ்சுகிறது. ஆய்வகத்தில் ஒரு கல்லை வைத்து இதை அளந்துவிடலாம். அதையே விமானத்திலிருந்து, படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் செய்ய முடிந்தால்? அதாவது ஒவ்வொரு பிக்சலிலும் மூன்று எண்களுக்குப் பதிலாக ஒரு முழு நிறமாலை. இதுதான் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் படம். அவர்களின் முதல் கருவி 1983ல் பறந்தது. நெவாடா மாநிலத்தின் குப்ரைட் என்ற வறண்ட மலைப்பகுதியின் தரவில், பட்டிங்டனைட் என்ற அரிதான கனிமத்தின் சாயல் தெரிந்தது. அது அங்கே இருக்கிறது என்று அதற்கு முன் யாருக்கும் தெரியாது. தரையிலிருந்து கல்லை எடுத்துவந்து சோதித்தார்கள். இருந்தது.

அதன் பின்னால் வந்த அவிரிஸ் என்ற கருவி 0.4 முதல் 2.5 மைக்ரான் வரையிலான ஒளியை 224 பட்டைகளாகப் பிரித்தது. அந்த வம்சத்துப் பேரப்பிள்ளை ஒன்று நம் ஊர்க்காரர்களோடு நிலவுக்கே போனது. மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1ல் நாசா கொடுத்தனுப்பிய நிலவுக் கனிம வரைவியும் இதே ரகம்தான். நிலவின் மண்ணில் நீரின் தடயம் இருப்பதாக 2009 செப்டம்பரில் அறிவித்தது அந்தக் கருவியின் தரவை வைத்துத்தான். 3 மைக்ரானை ஒட்டி ஒளி சற்றே குறைகிறது. அவ்வளவுதான் சாட்சி.

இன்னும் நீண்ட அலைகளுக்குப் போனால், 8 முதல் 12 மைக்ரான் வரை, சூரியனே தேவையில்லை. ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்தால் தானே ஒளிர்கிறது. இங்கே மண் ஒரு ரகசியத்தை வைத்திருக்கிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ் 8 முதல் 9.5 மைக்ரானுக்குள் ஒரு தெளிவான அடையாளத்தைக் காட்டும். மண்ணைத் தோண்டி மூடினால், அடியிலிருந்த நுண்துகள்கள் மேலே வந்து மணற்பருக்கைகள்மேல் பூசிக்கொள்ளும், அந்த அடையாளம் மங்கும். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் தரையில், எங்கே சமீபத்தில் தோண்டப்பட்டது என்று இதை வைத்துச் சொல்லலாம். கண்ணிவெடி தேடுகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. நல்ல மழை பெய்து துகள்களைக் கழுவிவிட்டால் ரகசியமும் கழுவப்பட்டுவிடும்.

ராணுவமும் வந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ஹைடைஸ் கருவிக்கு 210 பட்டைகள். 1995 ஆகஸ்டில் மேரிலாந்தின் அபர்தீன் சோதனைக் களத்தில், மரங்களின் ஓரமாகப் புல்வெளியில் 15 பலகைகளை வரிசையாக வைத்து அதைப் பறக்கவிட்டார்கள். 3 மீட்டர், 2 மீட்டர், 1 மீட்டர் என்று மூன்று அளவுகள். ஒரு பிக்சலின் பக்கம் சுமார் 1.5 மீட்டர். ஆக, சிறிய பலகை ஒரு பிக்சலைக்கூட நிரப்பாது. புல்லோடு கலந்து, புல்லின் நிறத்தில் லேசான ஒரு பிசகாக மட்டும் இருக்கும். படத்தில் வடிவமாகத் தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் தங்கள் கணக்குகளைச் சோதித்தது இந்தப் புல்வெளியில்தான்.

தேடுகிற பொருளின் நிறமாலை முன்கூட்டியே தெரிந்தால் ஒப்பிடலாம். தெரியாவிட்டால்? எதிரி என்ன பெயிண்ட் அடித்திருப்பான் என்று அவன் சொல்லிவிட்டா அடிப்பான்? என்ன தேடுகிறோம் என்றே தெரியாமல் தேடுவது எப்படி?

இதற்கான விடை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கல்கத்தாவில் தொடங்கியிருந்தது.

3

1920ல் நாகபுரியில் இந்திய அறிவியல் மாநாடு நடந்தது. அங்கே இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநர் நெல்சன் அன்னண்டேல், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸைச் சந்தித்தார். கல்கத்தாவின் ஆங்கிலோ-இந்தியர்களின் உடல் அளவுகள் அன்னண்டேலிடம் இருந்தன: உயரம், தலையின் நீளம், அகலம், மூக்கு. இந்த எண்களை ஆராய்ந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். முதல் கட்டுரை 1922ல் வந்தது.

தலையையும் மூக்கையும் அளப்பது அன்றைய ஆட்சிக்குப் பிடித்த வேலை. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அளவை வைத்துச் சாதிகளை வரிசைப்படுத்தலாம் என்று நம்பியவர். ஆங்கிலோ-இந்தியர்கள் எந்தச் சாதிக்கு 'அருகில்' என்று கேட்க மகலனோபிஸ் ரிஸ்லியின் எண்களையே எடுக்க வேண்டியிருந்தது. பின்னாளில் அந்த எண்களில் இருந்த பிழைகளைத் திருத்தி, தான் தொடங்கிய 'சங்க்யா' இதழில் தனியாக ஒரு கட்டுரையும் வெளியிட்டார்.

'அருகில்' என்றால் என்ன? இதுதான் அவருடைய கேள்வி. ஒரு குழுவின் சராசரிக்கும் இன்னொன்றின் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினால் போதாதா? போதாது. ஒருவர் ஆறடி உயரம் என்றால் நமக்கு வியப்பில்லை. ஒருவர் எடை 45 கிலோ என்றாலும் வியப்பில்லை. ஆறடி உயரத்தில் 45 கிலோ என்றால் திரும்பிப் பார்ப்போம். உயரமும் எடையும் சேர்ந்தே ஏறுகிற உலகத்தில் நாம் வாழ்கிறோம், அந்தச் சேர்க்கையை மீறுவதுதான் நம் கண்ணில் படுகிறது. எனவே தூரத்தை அளப்பதற்கு முன், கூட்டம் எந்தத் திசையில் எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்று தெரிய வேண்டும். பரவல் அதிகமுள்ள திசையில் பெரிய விலகலும் சாதாரணம். யாரும் விலகாத திசையில் ஒரு விரற்கடை விலகினாலும் அது வெகுதூரம். இதைத்தான் 1936ல் ஒரு பொதுவான சூத்திரமாக அவர் வெளியிட்டார். இன்று அது மகலனோபிஸ் தூரம்.

அந்த அளவுகோலை வளர்த்தெடுக்கும் போக்கில் அவர் கண்ட முடிவுகளில் ஒன்று சுவாரசியமானது. வங்காளப் பிராமணர்கள், வெளிமாகாண உயர்சாதியினரைவிட வங்காளத்தின் மற்ற சாதிகளுக்கே உடல் அளவில் நெருக்கமாக இருந்தார்கள். ரிஸ்லியின் ஏணிக்கு ரிஸ்லியின் எண்களே பொருந்தி வரவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யார் எந்தக் குழு என்ற கோடு கணக்கு தொடங்குவதற்கு முன்பே போடப்பட்டிருந்தது. சூத்திரம் அந்தக் கோட்டைக் கேள்வி கேட்காது. கொடுத்த குழுவுக்குச் சராசரி எடுக்கும், பரவல் எடுக்கும், தூரம் சொல்லும்.

4

1990ல் இர்விங் ரீட், ஷியாவோலி யூ இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மென்பொருள் ஆட்களுக்கு ரீட் பழக்கமானவர். கீறல் விழுந்த குறுந்தகடு பாடுவதும், ஓரம் கிழிந்த க்யூஆர் கோடு வேலை செய்வதும் 1960ல் அவரும் குஸ்தாவ் சாலமனும் கண்ட பிழைதிருத்தக் குறியீட்டால்தான். இந்தப் புதிய முறைக்கு ஆர்எக்ஸ் என்று பெயர் நிலைத்தது. ரீடின் குடும்பப் பெயர், யூவின் முதற்பெயர். யாருக்கு எது இனிஷியல் என்ற குழப்பம் நமக்கு மட்டும் கிடையாது போல.

ஆர்எக்ஸ் தேடுகிற பொருளைப் பற்றி எதையும் கேட்பதில்லை. காட்டைப் பற்றி மட்டும் கேட்கிறது. எல்லாப் பிக்சலையும் எடு. சராசரி காடு எப்படி இருக்கிறது? 210 பட்டைகளும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன? இதை எழுத 210க்கு 210 கட்டங்கள், அதாவது 44,100 எண்கள் கொண்ட ஓர் அட்டவணை. பிறகு ஒவ்வொரு பிக்சலும் அந்தக் காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அள. நடைமுறையில் எல்லோரும் போடுகிற வடிவத்தில் அது அப்படியே மகலனோபிஸ் தூரத்தின் வர்க்கம்தான். பெயரில் அவர் இல்லை.

ஏன் இது வேலை செய்கிறது? காட்டில் மிகப் பெரிய மாற்றம் வெயிலும் நிழலும். நிழலில் இருக்கும் இலைக்கும் வெயிலில் இருக்கும் இலைக்கும் ஒளி அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் எல்லாப் பட்டைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். அந்தத் திசையில் காடு பரந்து கிடக்கிறது என்று அட்டவணைக்குத் தெரியும், அதனால் நிழலைக் கண்டு பதறாது. குரோமியம் ஆக்சைடு பெயிண்டின் விஷயம் வேறு. அது சிவப்பு விளிம்பைப் போலி செய்திருக்கும். ஆனால் உயிருள்ள இலைக்குள் நீர் இருப்பதால் 1.4, 1.9 மைக்ரான்களை ஒட்டிய ஒளியை அது ஆழமாக உறிஞ்சும். காய்ந்த பெயிண்டில் அந்த அளவு நீர் ஏது? மொத்த வெளிச்சத்தில் சிறிய பிசகுதான். ஆனால் காடு ஒருபோதும் பிசகாத திசையில் நடந்த பிசகு. மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவு அழகான கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆயிரத்துக்கு ஆயிரம் என்று ஒரு படம், பத்து லட்சம் பிக்சல்கள். உங்கள் முறை 99.9 சதவீதம் காட்டைச் சரியாகக் காடு என்று சொல்கிறது என்று வையுங்கள். மீதி 0.1 சதவீதம் எவ்வளவு? ஆயிரம் பிக்சல்கள். உண்மையில் அங்கே நிற்பது ஐந்து லாரிகள்தான். ஆயிரம் பொய் எச்சரிக்கைகளுக்குள் அந்த ஐந்தையும் தேட வேண்டும். அந்த ஆயிரத்தில் என்னென்ன இருக்கும்? பட்டுப்போன மரம். தகரக் கூரை. யாரோ விறகு அடுக்கி மூடிய தார்ப்பாய். எல்லாமே காட்டிலிருந்து உண்மையாகவே விலகியவை. கணக்கு தப்பே செய்யவில்லை. 'அரிது' என்று அது சொன்னதை 'எதிரி' என்று படிப்பது நாம்தான்.

இன்னொன்று. பெரும்பாலும் சராசரியை முழுப் படத்துக்கும் எடுப்பதில்லை, பிக்சலைச் சுற்றி ஒரு சின்னச் சட்டகம் போட்டு அதற்குள் எடுப்பார்கள். புல்வெளியைச் சட்டகமாக வைத்தால் ஒற்றை மரம் விசித்திரம். தோப்பைச் சட்டகமாக வைத்தால் அதே மரம் சாதாரணம். மரம் மாறவில்லை. யாரோடு நிறுத்தினோம் என்பது மட்டும் மாறியது. மென்பொருள் வேலையில் சர்வர்களின் நடத்தையிலும் கார்டு பரிவர்த்தனையிலும் 'வழக்கத்துக்கு மாறானதை'த் தேட இதே குடும்பத்துக் கணக்குகளை நாங்கள் தினமும் போடுகிறோம். ஒரு மனிதரின் செலவு விசித்திரமானதா என்பதும் அவரை எந்தக் கூட்டத்தின் சராசரியோடு நிறுத்தினோம் என்பதைப் பொறுத்ததுதான். சூத்திரம் எல்லோருக்கும் பொது. சட்டகத்தை வரைகிற கை யாருடையது என்று கேட்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

5

2007 செப்டம்பர் 3ஆம் தேதி, பலூனில் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதரான ஸ்டீவ் ஃபாசெட் நெவாடாவில் ஒரு சிறு விமானத்தில் கிளம்பித் திரும்பி வரவில்லை. தேடலில் அமெரிக்காவின் சிவில் ஏர் பெட்ரோல் தன்னார்வ அமைப்பு ஆர்ச்சர் என்ற ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கருவியையும் பறக்கவிட்டது. விழுந்த விமானங்களைக் கண்டுபிடிக்கவென்றே வாங்கிய கருவி. பின்னணியிலிருந்து விலகியதைக் கண்டுபிடிக்கும் இதே தத்துவம்.

அந்த நீண்ட தேடலில் விமானச் சிதைவுகள் கிடைக்கத்தான் செய்தன. பல வருடங்களுக்கு முன் விழுந்து, யாரும் குறித்துவைக்காத பழைய விமானங்கள். ஃபாசெட் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பர் கடைசியில், கலிஃபோர்னியாவின் மாமத் லேக்ஸ் அருகே மலையேறிக்கொண்டிருந்த ஒருவர் தரையில் கிடந்த சில அடையாள அட்டைகளைப் பார்த்தார். அக்டோபர் 1ஆம் தேதி விமானத்தின் சிதைவும் கிடைத்தது.

இதை வைத்து இயந்திரம் தோற்றது, மனிதன் வென்றான் என்று எழுதுவது சுலபம். ஆனால் அந்தப் பழைய சிதைவுகளை நினைத்துப் பாருங்கள். அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய கதையின் முடிவு. நாம் தேடியது அவற்றை இல்லை என்பதால் அவை 'பொய் எச்சரிக்கை' ஆகிவிடுமா?

குப்ரைட் மலையில் கணக்கு சொன்ன இடத்துக்கு ஆட்கள் போய்க் கல்லை எடுத்துவந்து சோதித்தார்கள். நெவாடாவிலும் ஒவ்வொரு விலகலையும் கிட்டப் போய்த்தான் பார்த்தார்கள். அதனால்தான் அது பழைய விமானம் என்று தெரிந்தது. நூறு வருடக் கதையில் கருவிகள் மூன்று நிறத்திலிருந்து இருநூறு நிறத்துக்கு வந்துவிட்டன. 'இது இந்தக் காட்டைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை' என்பது வரை அவை சொல்லும். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் சுத்தியலோடு கிளம்புகிறோமா, குண்டோடு கிளம்புகிறோமா என்பதற்கு எந்த அட்டவணையிலும் கட்டம் கிடையாது.